உப்பில்லாத கல்யாணம்

"ஆட்டுக்கறி கிடையாது, ரம் கிடையாது, சாப்பாட்டுல உப்புகூடக் கிடையாது. கிங்ஸ்டன் ஊரே சிரிக்கும்டி," ஐவரின் பொரிந்து தள்ளினாள்.

"ராஸ்தா மார்க்கத்துல கல்யாணம்னா அப்படித்தாம்மா. ஆனா விடிய விடிய மேளம் உண்டு," என்றாள் மகள் கெரீன்.

"சர்ச்சுல நான் எப்படித் தலை காட்டுவேன்? அந்த மனுஷன் அந்த ராஸ்தா சடைமுடியை வெட்டினாத்தான் கல்யாணம்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்னே. அப்பா சடையையும் வெட்டல, உன்னையும் விடல. நாலு பிள்ளை பெத்தாச்சு. கல்யாணப் பொண்ணு நீ, இப்பவாவது முடிவைச் சொல்லும்மா."

ஐவரின் தலைத்துணியை மெல்ல அவிழ்த்தாள். யாருக்கும் தெரியாமல் வளர்த்த சடைகள், விரல் நீளத்துக்கு, காதோரம் வந்து விழுந்தன.

கெரீன் அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"மேளக்காரங்களுக்குச் சொல்லிடு," ஐவரின் மகாராணி மாதிரி நிமிர்ந்தாள். "என் தட்டுல மட்டும் ரெண்டு கல்லு உப்பு வை."