வேரில் ஒட்டிய மண்

புது மருமகள் முப்பிடாதி முதல் சமையலுக்காகப் பறித்து வந்த பருப்புக்கீரையிலிருந்து நாத்தனார் ஒரு தண்டை எடுத்து ஒடித்தாள். பால் வடிந்தது.

"பருப்புக்கீரைன்னா தண்ணிதான் வரும். பால் வந்தா வேற செடி. எங்க வயித்தக் கெடுக்கவா வந்தே?"

மாமியார் அடுப்பை அணைத்தார்.

முப்பிடாதி அந்தத் தண்டின் வேரை விரலால் தேய்த்தாள். "அத்தை, நான் சரள்மேட்டுல பறிச்சேன். அங்க வேர்ல செம்மண்தான் ஒட்டும். இதுல நம்ம புறவாசக் கரிசல் மண்ணுல்லா இருக்கு."

மீதித் தண்டுகளை ஒவ்வொன்றாக ஒடித்து மாமியார் முன் வைத்தாள். எல்லாவற்றிலும் தெளிந்த நீர் முத்தாக நின்றது.

மாமியார் மகளின் நகக்கண்ணில் இருந்த கரிய மண்ணைப் பார்த்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார்.

"இருங்க அத்தை," என்றாள் முப்பிடாதி. "மதினி கை கழுவிட்டு வரட்டும்."