ஏகமனதான வாக்கெடுப்பு

1988 மார்ச் 7, திங்கட்கிழமை காலை. லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு கடைக்கு மேலிருந்த சிறிய அலுவலகத்தில் சிவமலர் சம்பள உயர்வு கேட்டாள்.

“அண்ணை, மூண்டு வருசமா வாரம் அதே ஐம்பது பவுண். வாடகை கட்ட ஏலாமல் கிடக்கு.”

“ஏலாது தங்கச்சி,” என்றார் அலுவலகத்தை நடத்தும் பரமேஸ்வரன். “செலவு கூடினால் ஆடிட்டர் கேள்வி கேப்பார். நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி. கொஞ்சம் பொறும்.”

“அப்ப இண்டைக்கே ஸ்ட்ரைக்.”

“வாக்கெடுப்பு வைக்காமல் ஸ்ட்ரைக் செய்ய ஏலாது!”

“வைச்சாச்சு. இஞ்சை வேலை செய்யிறது நான் ஓராள்தானே. ஏகமனதா முடிவு.”

“ஆர் உமக்கு இந்தக் கதையெல்லாம் சொல்லித் தந்தது?”

“நீங்கள்தான். உங்கடை மேடைப்பேச்செல்லாம் டைப் அடிக்கிறது ஆர்?”

சிவமலர் கைப்பையுடன் இறங்கிப்போய், ‘பேக்கரித் தொழிலாளர் சங்கம்’ என்ற பெயர்ப்பலகையின் கீழே நின்றாள்.

சங்கச் செயலாளர் பரமேஸ்வரன் ஆடிட்டர் கல்யாணசுந்தரத்துக்கு போன் செய்தார். “சேர், எங்கடை சிவமலர் ஸ்ட்ரைக் செய்யிறா. அவவின்ரை சம்பளத்தை நிப்பாட்டலாமோ?”

“ஆமா, தாராளமா நிறுத்தலாம். ஆனா அவங்களும் உங்க சங்கத்துல உறுப்பினர்தானே? சந்தாவும் நீங்களே மாசாமாசம் பிடிச்சிருக்கீங்க. ஸ்ட்ரைக் பண்ற உறுப்பினருக்குப் போராட்ட நிதியிலேர்ந்து வாரம் எழுபது பவுண்டு குடுக்கணும்னு உங்க விதியிலயே இருக்கே.”

அந்த ஆண்டுக் கணக்கில் ஆடிட்டர் குறை எதுவும் காணவில்லை. அவர் கையெழுத்திட்ட அன்று சிவமலரின் வேலைநிறுத்தம் நாற்பத்து மூன்றாவது வாரத்தில் இருந்தது.