ஐம்பத்தெட்டுக் கிலோவுக்கு ஒரு கிளட்ச்

ஐம்பத்தெட்டுக் கிலோவுக்குப் போடச் சொன்னார் நாகசுப்பிரமணியன் ஐயா.

போன வருடம் பனியில் ஓட்டும் இதே ஸ்னோமொபைலுக்கு எழுபத்திரண்டு என்று சொன்னவர்.

வில்லரேயில் இருக்கும் என் கராஜில் நிறையைப் பற்றி உண்மை சொல்கிறவர்கள் குறைவு. தொண்ணூறு கிலோ ஆள் எழுபத்தைந்து என்று கூசாமல் சொல்லுவான். பிறகு வண்டி இழுக்கவில்லை என்று என்னோடுதான் சண்டைக்கு வருவான்.

ஓட்டுகிறவரின் நிறை தெரியாமல் கிளட்சைச் சரிபார்க்க முடியாது. உள்ளே மூன்று சின்னக் கைகள் சுழலும். அவற்றில் ஒரு கிராம், இரண்டு கிராம் என்று குட்டித் திருகாணிகளை ஏற்றி இறக்க வேண்டும். பாரமான ஆளுக்குக் கழற்ற வேண்டும். ஆள் மெலிந்தால் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் எஞ்சின் வீணாகக் கத்தும், வண்டி துள்ளும்.

இந்த வண்டியை ஓட்டுகிறவர் அவருடைய மனைவி சரளா அன்ரி. பதினைந்து வருடமாக வடக்கே உறைந்த ஒரு ஏரியில் ஓட்டுகிறார். ஐயாவுக்குப் பனிக்கட்டி என்றால் பயம். கரையிலேயே நின்று கையசைப்பார்.

"என்ன ஐயா, அன்ரி டயற்றோ? அந்த ரகசியத்தை எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்று என் வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.

ஐயா சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அன்ரிக்குக் கணையத்தில் கட்டி. ஜூனில் கண்டுபிடித்திருக்கிறார்கள். போன மாதத்தோடு மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

நோய் அன்ரிக்குத் தெரியும். எவ்வளவு உருகிவிட்டார் என்பதுதான் தெரியாதாம். வீட்டுத் தராசை ஐயா நிலவறையில் ஒளித்து வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் நிறுக்கும்போது எண்ணுக்கு முதுகு காட்டி நிற்கப் பழக்கியிருக்கிறார். பழைய உடுப்புகளைப் போலவே சின்ன அளவில் வாங்கி, லேபிள்களை வெட்டி எறிந்துவிட்டு அலுமாரியில் மாற்றி வைத்திருக்கிறார்.

டோர்வலில் முப்பது வருடம் விமான எஞ்சின்களோடு இருந்த மனிதர். எதையும் கணக்குப் பார்த்துத்தான் செய்வார்.

ஜனவரியில் ஒரேயொரு சுற்று. அன்ரி ஏறியதும் வண்டி துள்ளினால் அவருக்குப் புரிந்துவிடும். பழையபடி இழுத்தால், தானும் பழையபடி இருப்பதாக நினைப்பார். அந்தப் பத்து நிமிடத்தை எப்படியாவது செய்து கொடு என்றார்.

சொல்லிவிட்டு மூலையிலுள்ள டெப்பனர் கடைக்குக் காப்பி வாங்கப் போனார்.

நான் திருகாணிகளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கைகள் முடிந்து மூன்றாவதில் நின்றேன். வெளியே நின்ற ஐயாவின் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

சரளா அன்ரி சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தார். கோட்டுக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

வண்டியின் சீற்றில் கையை ஊன்றிக்கொண்டார். எத்தனை கிலோவுக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டார். என் வாய் அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்துவிட்டுத் திறந்தது. எழுபத்திரண்டு என்றேன்.

"பொய் சொல்லாதீங்க தம்பி. என் உடம்பு எனக்குத் தெரியாதா? உங்க ஐயா எண்பத்தாறு கிலோ. அவருக்கு ஏத்த மாதிரிப் போட்டு வைங்க. ஜனவரியில இத அவர்தான் ஓட்டணும்."

கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தேன்.

ஐயாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். திரும்பிப் போகக் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். கார் பத்தடி தூரத்தில்தான் நின்றது, இடையில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார்.

திரும்பி வந்து, பூட்டியவற்றையெல்லாம் கழற்றினேன். ஒன்று கை நழுவி விழுந்து உருண்டுவிட்டது. அதைத் தேடிக் குனிந்திருந்தபோது ஐயா மூன்று காப்பியோடு வந்தார். எனக்கும் ஒன்று வாங்கியிருந்தார்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அவளுக்குத் தெரியாதுல்ல?"

தெரியாது ஐயா என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. ஜனவரி முதல் கிழமைக்குள் ஏரி நன்றாக உறைந்துவிடுமா என்று விசாரித்தார்.

உறையும் என்றேன். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.