கூரையில் போட்ட பல்

ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிய கிருஷ்ணராஜ், தகரத்தின் மடிப்பெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்லடி" என்றான்.

"நல்லாப் பாருங்க! ரெண்டு பல்லையும் இங்கதான வீசினீங்க?" ஏணியைப் பிடித்திருந்த மனைவி விஜயகலா விடவில்லை.

பிள்ளைக்குப் பால்பல் விழுந்தால் கூரையில் போடவேண்டும், அப்போதுதான் புதுப்பல் முளைக்கும். இந்த மனுஷன் தன் வீட்டுக் கூரையிலா போட்டான்? கைக்கு வாகாக இருந்ததென்று லயத்து வரிசையில் பக்கத்துப் பூட்டிய காம்பரா வீட்டின் மேலல்லவா வீசித் தொலைத்தான்!

அது புஷ்பராணியின் காம்பரா. மகள் ஷாமிளா தொட்டிலில் கிடந்த காலத்தில், றப்பர் மலைக்குப் பால்வெட்டப் போய்ப் பாம்பு கடித்துச் செத்தவள். சிரிப்பு வந்தாலே வாயைப் பொத்திக்கொள்ளும் கூச்சக்காரி. பயத்தில் அங்கே இன்னும் யாரும் குடிவரவில்லை.

ஷாமிளாவுக்கு இப்போது ஒன்பது வயது. பல் விழுந்து வருஷம் தாண்டியும் முன்வரிசையில் அந்த இரண்டு இடமும் வெறுமையாகவே கிடக்கின்றன.

"அவதான் எடுத்துட்டா. இன்னைக்குப் பல்லு, நாளைக்குப் புள்ள. அடியே, என் புள்ளைய மட்டும் விட்டுடுடீ!" பூட்டிய கதவைக் கும்பிட்டு அழுதாள் விஜயகலா. போன வெள்ளிக்கிழமை அவள் வைத்த படையல் சோறு வாசலிலேயே காய்ந்து கிடந்தது.

"பேய்க்கு எதுக்குடி பல்லு? வா, டொக்டர்கிட்டக் காட்டுவோம்." கிருஷ்ணராஜ் இறங்கி வந்தான்.

தெஹியோவிட்ட டவுனில் பல் டொக்டர் நபீலா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பல்லை யாரும் எடுக்கல்ல. உள்ளுக்கு முளையே இல்ல. சில புள்ளைகளுக்குப் பொறவியிலேயே இப்படித்தான். பயப்பட வேணாம், வளந்த பொறகு பல் வெச்சிக்கலாம்."

விஜயகலாவுக்கு மூச்சு வந்தது. "ஏன் டொக்டர் இப்படி வருது?"

"கூடுதலா குடும்பத்துல இருந்துதான் வரும். எங்க, ரெண்டு பேரும் வாயத் தொறங்க பாப்போம்."

கிருஷ்ணராஜுக்கு வெற்றிலைக் கறையோடு முழு வரிசை. விஜயகலாவுக்கும் ஒன்றும் குறைவில்லை.

"அட, ரெண்டு பேருக்கும் சரியா இருக்கே! அப்ப எங்க இருந்து வந்திச்சு?" டொக்டர் சிரித்தார்.

ஷாமிளாவும் சிரிக்கப் போய், சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஜயகலா அந்தக் கையையே பார்த்தாள். புஷ்பராணிக்கும் அதே இரண்டு பல் இல்லை. சின்ன வயதில் விழுந்து உடைந்ததென்று அவள் சொல்லுவாள். லயமே அதை நம்பியிருந்தது.

"சாமி, நீ அப்பாவோட கொஞ்சம் வெளிய இரு."

கதவு சாத்தியதும் விஜயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ ஒன்னும் எடுக்கலங்க டொக்டர்... நான் வளத்தவதான். பெத்தவ குடுத்துட்டுப் போயிருக்கா."