சாப்பாட்டுக்கு முன் ஒரு கோப்பை

மினேகோ அன்றும் தட்டின் வலப்பக்கக் கோப்பையில் வெள்ளைத் தூளைப் போட்டு, கொதிக்கும் தேநீரை ஊற்றிக் கலக்கினாள். தன்னுடைய கோப்பையில் முன்பே ஊற்றி வைத்திருந்தாள். கணவர் சோக்கிச்சி கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் அவருடையது. இருபது நாளாக இதே கூத்து.

கேட்கவா முடியும்? சங்கத்து வேலை என்று சொல்லிவிட்டு சுவா ஏரிக்கரை வெந்நீர் விடுதிக்குப் போய் வந்தவர் பையில், ஆளுக்கு ஒன்றாகத் தரும் விடுதித் துண்டு இரண்டு இருந்தது. அவள் இரண்டையும் துவைத்துக் காயப்போட்டாள். கல்யாணத்துக்கு வந்த பெரிசும் சிறிசுமான ஜோடிக் கோப்பைகளைப் பரணில் ஏற்றிவிட்டு, விருந்தாளிக் கோப்பைகளை எடுத்து வைத்தாள். கோபம் இருக்காதா பின்னே என்று அவரும் விட்டுவிட்டார்.

தேநீரை வைத்துவிட்டு அவள் முள்ளங்கி ஊறுகாய் எடுக்கப் போனாள். வழக்கம்போல் அவர் கோப்பைகளை இடம் மாற்றினார். உயிர்மேல் ஆசை யாருக்குத்தான் இல்லை? அவள் போட்டதை அவளே குடிக்கட்டும்.

ஆனால் பாருங்கள், மினேகோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பு இளைத்து, முகம் தெளிந்து வளைய வந்தாள். இவருக்குத்தான் விரல்கள் மரத்துப்போயின. கடல்பாசியைக் காய்ச்சிக் கட்டியாக்கி, பனியில் உறைய வைத்து உலர்த்துகிற தொழில். குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று அவள் பாதி குடித்தபோது போன் அடித்தது. தங்கையோடு பேசி முடிப்பதற்குள் சோக்கிச்சி தம்முடையதைக் காலி செய்துவிட்டு, அவள் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தார். தேநீர் அசையவில்லை. கட்டியாக உறைந்திருந்தது. கிள்ளி வாயில் போட்டவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது கடல்பாசிதானே?” என்றார், திரும்பி வந்தவளிடம்.

“ஆமாங்க. கடையில விக்கிற தூள். சாப்பாட்டுக்கு முன்னாடி குடிச்சா பசி அடங்கும், உடம்பு இளைக்கும்னு டாக்டர் சொன்னாரே.”

நாற்பது வருஷமாகக் கட்டி மட்டுமே செய்து, தூளை வாசல்படி ஏற விடாத மனிதர். தோன்றவே இல்லை. நிம்மதியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“நான் ஒரு மடையன். விஷம்னு நெனச்சு, தினமும் கோப்பையை மாத்தி வச்சேன்.”

மினேகோ அவருடைய காலிக் கோப்பையை எடுத்து அடிவரை பார்த்தாள்.

“நீங்க மாத்துவீங்கன்னுதானே, ஒரே மாதிரி கோப்பையா எடுத்து வச்சேன்.”