இடது கை வெல்டிங்

தன் பழைய ஜீப்புக்குப் பெரிய என்ஜின் மாற்ற வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. என்ஜினை வாங்கிப் பட்டறையில் இறக்கிய வாரமே அவன் இறந்துபோனான்.

"அவர் ஆசைப்பட்டது. நீங்களே முடிச்சிடுங்க தம்பி" என்றார் அண்ணி.

புது என்ஜின் அகலம் அதிகம். அது உட்கார, ஜீப்பின் அடிச்சட்டமான சேஸிஸில் இரு பக்கமும் தாங்கு பிராக்கெட் பற்றவைக்க வேண்டும். எனக்கு வெல்டிங் கைவராது. "கோழி கிளறின மாதிரி இருக்குடா" என்று அண்ணன் சிரிப்பான். என்னுடையதைத் தேய்த்தெடுத்துவிட்டுத் தானே மறுபடி வைப்பான். அவன் இடது கைக்காரன். அவன் வெல்டிங் வலமிருந்து இடமாக ஓடி, கடைசியில் சின்னதாகச் சுழிக்கும்.

ஒரு பக்கத்தைப் பற்றவைத்துவிட்டு, ஷட்டரைப் பூட்டிச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது என் வெல்டிங்கைக் காணோம். அந்த இடத்தில் வலமிருந்து இடமாகப் புதிதாக ஒன்று, கடைசியில் சுழியோடு. தொட்டால் சுட்டது. சாவி என் பையில்தான் இருந்தது.

அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து அந்தச் சுழியைப் பார்த்தார்.

"இன்னொரு பக்கம் பாக்கி இருக்கா?"

"இருக்கு அண்ணி. அதோட வெல்டிங் வேலை முடிஞ்சிடும்."

"அவசரப்படாதீங்க."

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு மறுபக்கத்தை என்னால் முடிந்த அளவு மோசமாகப் பற்றவைத்தேன். அண்ணனின் கையுறையை அதன் அருகில் வைத்து, ஷட்டரைப் பூட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அண்ணி சோறு போட்டுக்கொண்டே இருந்தார்.