வளையல் சொன்ன சாட்சி

சுகிர்தாவின் இரு கைகளிலும் வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் முழங்கைவரை அடுக்கியிருந்தன. வயிற்றுப் பிள்ளைக்குச் சத்தம் கேட்கவேண்டும் என்றுதான் போட்டார்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதென்னவோ மாமியார் ராஜாமணிதான். சத்தம் நின்றால் போதும், கூடத்திலிருந்து குரல் வந்துவிடும்.

"என்னடி, மறுபடியும் சுவத்தப் பாத்துப் படுத்துட்டியா? நானும் மூணு பெத்தவதான். இப்படியா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்சேன்?"

போய் இருக்க ஒரு தாய்வீடு சுகிர்தாவுக்கு இல்லை. இரண்டு மாதமாக அழுகை ஓயவில்லை, கண் விழிக்கும்போதே செத்துப்போகலாம் போலிருக்கிறது, டாக்டரிடம் கூட்டிப்போ என்று வெளியூரில் வேலை பார்க்கும் கணவனிடம் போனில் கெஞ்சியிருந்தாள். அம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தான். அதுவரை ஏச்சு வாங்காமலிருக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். படுத்தபடியே, துணி மடிக்கிறவளைப் போலக் கைகளை மட்டும் ஆட்டுவாள்.

இன்றும் ஆட்டிக்கொண்டிருந்தபோது கூடத்தில் மாமியாரின் போன் அடித்தது.

"டாக்டரா? எதுக்குடா? பைத்தியத்தக் கட்டிக்கிட்டு வந்தோம்னு ஊரு சிரிக்கவா? அவ தெளிஞ்சிட்டா. உள்ள துணி மடிக்கிறா. ஸ்பீக்கர் போடுறேன், வளையல் சத்தத்த நீயே கேளு."

சுகிர்தாவின் கைகள் அப்படியே நின்றன.

"ஒண்ணும் கேக்கலியேம்மா," என்றான் மகன்.

ராஜாமணி அறைப்பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"படுத்துக்கிட்டு ஆட்டுவியே, அத ஆட்டித் தொலைடி!"

ஸ்பீக்கர் இன்னும் அணையவில்லை.